திங்கள்கிழமை ராஷ்டிரபதி பவன் முன்பதிவு ஆகவில்லையா?

டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையான ராஷ்டிரபதி பவனைச் சுற்றிப் பார்க்க ஐந்து பேருக்குத் திங்கள்கிழமை இடம் கிடைக்கவில்லை, அம்மாவின் ஆதார் எண்ணில் கோளாறோ என்று கேட்டிருந்தீர்கள். திங்கள்கிழமைக்கு எத்தனை முறை முயன்றாலும் இடம் கிடைக்காது. அன்று மாளிகைக்கு வார விடுமுறை. நீங்கள் சந்தேகப்படுவதுபோல் அம்மாவின் ஆதார் எண்ணில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு.

அதே விவரங்களோடு செவ்வாய்க்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் ஐந்து பேருக்கு இடம் இல்லை என்றால், எந்தச் சுற்றைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கவனியுங்கள். மாளிகையின் உள்ளே ஒரு சுற்று, அருங்காட்சியகம் வேறு சுற்று. ஒன்றுக்குப் பதிவு செய்தால் மற்றதற்குள் விடமாட்டார்கள். வாசலும் வேறாக இருக்கலாம், ஆட்டோக்காரரிடம் வாசல் எண்ணையே சொல்லுங்கள்.

திங்களை வீணாக்க வேண்டாம். மத்தியச் செயலக மெட்ரோவில் இறங்கி விஜய் சௌக் வரை நடங்கள், அப்புறம் இந்தியா கேட். இந்தியா கேட் பக்கமிருந்து மாளிகை நிற்கும் ரைசினா மேட்டை நெருங்க நெருங்க, எதிரே தெரிந்த மாளிகை சரிவில் மறைந்துபோகும். மாளிகையை வடிவமைத்த லட்யன்ஸும், முன்னாலுள்ள செயலகக் கட்டடங்களை வடிவமைத்த பேக்கரும் சண்டை போட்டுக்கொண்டதே இதற்காகத்தான்! பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும்: அரசு விழா, வெளிநாட்டுத் தலைவர் வருகை என்றால் பதிவு செய்த சுற்றும் ரத்தாகலாம். அதனால் ஊருக்குத் திரும்பும் நாளில் வைக்காதீர்கள். அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும்.