ஃபயர் அலாரம் பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்தால் கவலைப்பட வேண்டுமா?

உங்கள் அலுவலகக் கட்டடத்தின் வரவேற்பறைச் சுவரில் இருக்கும் ஃபயர் அலாரம் பேனலில் ‘ஃபால்ட்’ (பழுது) என்று மஞ்சள் விளக்கு வாரக்கணக்கில் எரிகிறது, காவலாளி பொத்தானை அமுக்கிச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிடுகிறார், அந்தப் பெட்டி எப்படித்தான் வேலை செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கவலைப்பட வேண்டும். இந்தப் பேனல்களைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீப்பிடித்தால் மணி அடிப்பதுதான் பேனலின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது வருடத்தில் ஒரு நாள்கூட வராத வேலை. மற்ற நேரமெல்லாம் தன் கம்பிகள் அறுபடாமல் இருக்கின்றனவா என்று அது தன்னையே சோதித்துக்கொண்டிருக்கிறது.

பழைய வகையில், அதாவது கன்வென்ஷனல் பேனலில், கட்டடத்தை ஜோன்களாக, அதாவது பகுதிகளாக, பிரித்திருப்பார்கள். ஒரு ஜோனில் புகையை உணரும் டிடெக்டர்கள் எல்லாம் ஒரே இரட்டைக் கம்பியில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். கடைசி டிடெக்டரின் அடித்தட்டில் ஒரு சின்ன ரெசிஸ்டர், அதாவது மின்சார ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை, இருக்கும். 24 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாகப் போய், அந்த ரெசிஸ்டரைத் தொட்டுத் திரும்பும். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்றால் ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர். இந்த மெல்லிய ஓட்டம்தான் பேனலுக்கு நாடித்துடிப்பு. நடுவில் கம்பி அறுந்தாலோ, யாராவது ஒரு டிடெக்டரைக் கழற்றினாலோ ஓட்டம் நின்றுவிடும். மஞ்சள் விளக்கு எரியும். டிடெக்டர் புகையை உணர்ந்தால் தானே கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். ஓட்டம் பல மடங்கு உயரும். சிவப்பு விளக்கு எரியும், ஹூட்டர் என்னும் ஒலிப்பான் அலறும்.

ஹூட்டர் கம்பியைச் சோதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண நேரத்தில் அந்தக் கம்பியில் மின்சாரம் தலைகீழாக, எதிர்த்துருவத்தில் போய்க்கொண்டிருக்கும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஹூட்டருக்குள் இருப்பதால், அது உள்ளே போகாது. அதனால் ஒலி எழாது, ஆனால் கம்பியின் கடைசியில் உள்ள ரெசிஸ்டர் வழியாக ஓட்டம் திரும்புவதால் கம்பி முழுசாக இருப்பது பேனலுக்குத் தெரியும். தீ என்றதும் பேனல் துருவத்தை மாற்றும், அத்தனை ஹூட்டர்களும் ஒலிக்கும்.

பெரிய கட்டடங்களில் இப்போது அட்ரஸபிள் பேனல்தான். ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஓர் எண் உண்டு. பேனல் எண் சொல்லி அழைக்க, ஒவ்வொன்றும் பதில் சொல்லும். கம்பி புறப்பட்ட இடத்துக்கே வளையமாகத் திரும்புவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து பேச முடியும். ‘நான்காம் மாடி, சர்வர் அறை’ என்று திரையிலேயே இடம் தெரியும்.

புகை டிடெக்டர்களில் பெரும்பாலானவை ஒளியை வைத்து வேலை செய்பவை. கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான்: இருட்டறைக்குள் ஓர் ஒளிக்கற்றை, புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியின் மேல் விழும். தூசி நுழைந்தாலும் விழும். உள் அலங்கார வேலை நடக்கும் மாடிகளில் பொய் அலாரம் வருவது இதனால்தான். அதற்காக டிடெக்டருக்கு மாட்டிய பிளாஸ்டிக் மூடியை வேலை முடிந்தபின் கழற்ற மறந்துவிடுகிறார்கள். மூடிக்குள் இருக்கும் டிடெக்டர் பேனலுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும், ஆனால் புகையை அறியாது.

அலாரம் வந்தபின் ஏ.சி. காற்றைத் தள்ளும் ஏ.எச்.யு.க்களை நிறுத்துவது, லிஃப்ட்டைத் தரைத்தளத்துக்கு இறக்குவது, அட்டை காட்டித் திறக்கும் கதவுகளை விடுவிப்பது எல்லாம் பேனல் அனுப்பும் கட்டளைகளால் நடக்க வேண்டும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீயின் புகை அரங்குக்குள் ஏறியது. உள்ளே இருந்தவர்களுக்கு உரிய நேரத்தில் அறிவிப்புகூடக் கிடைக்கவில்லை. புகைதான் கொல்கிறது, அதைத் தள்ளும் காற்றை நிறுத்துவது மணியைப் போலவே முக்கியம்.

இனி உங்கள் மஞ்சள் விளக்குக்கு வருகிறேன். பாட்டரி தளர்ந்திருக்கலாம். இரண்டு 12 வோல்ட் பாட்டரிகள் உள்ளே இருக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கம்பியை எலி கடித்திருக்கலாம். எதுவானாலும் கண்டுபிடித்துவிடலாம். நான் அஞ்சுவது வேறொன்றை.

ஓர் அலுவலகத்தில் ஆண்டுச் சோதனைக்குப் போயிருந்தேன். பேனலில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. மூன்றாம் மாடியில் டிடெக்டருக்குச் சோதனைப் புகை அடித்தேன், பதில் இல்லை. அடுத்ததற்கும் இல்லை. பேனலைத் திறந்து பார்த்தால், கடைசி டிடெக்டரில் இருக்க வேண்டிய ரெசிஸ்டர் பேனலின் முனையிலேயே முறுக்கப்பட்டிருந்தது. அறுந்த இடத்தைத் தேடிச் சலித்த யாரோ செய்த வேலை. ஓட்டம் பெட்டிக்குள்ளேயே சுற்றித் திரும்ப, பேனல் எல்லாம் நலம் என்று நம்பியிருந்தது. அந்த மாடியில் எண்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இன்றும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே பழுது பார்க்க வருபவர் மஞ்சள் விளக்கை அணைத்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு ஜோனிலும் பேனலுக்கு மிகத் தொலைவில் உள்ள டிடெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கு மறுபடி எரிய வேண்டும். திரும்ப மாட்டிப் புகை அடித்தால் சிவப்பு எரிய வேண்டும். கழற்றியபின்னும் பச்சை மட்டுமே எரிந்தால், பேனலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.