கேசட்டிலிருந்தே வெளிவந்த ஆல்பம்

கேள்வி: அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' தனி ஆல்பம், வீட்டில் கேசட்டில் பதிவானது என்று படித்தேன். ஒலிப்பதிவுக் கூடமும் தேர்ந்த இசைக்குழுவும் கைவசம் இருந்தவர் ஏன் அப்படிச் செய்தார்?

பதில்: ஆல்பம் செய்வதற்காக அவர் அந்தப் பதிவைத் தொடங்கவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து பாடல்களை உருவாக்குவதில் நேரமும் பணமும் கரைந்ததால், இசைக்குழுவினருக்குப் போட்டுக்காட்ட டெமோ எனப்படும் மாதிரிப் பதிவு எடுக்கத்தான், நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் இருந்த வாடகை வீட்டின் படுக்கையறையில் 1982 ஜனவரியில் டியாக் 144 போர்ட்டாஸ்டுடியோ என்ற கேசட் பதிவுக் கருவியை வைத்தார். கேசட்டின் இரு பக்கங்களுக்கும் உரிய நான்கு டிராக்குகளையும், அதாவது தனித்தனியாக ஒலி பதியும் தடங்களையும், ஒரே திசையில், இருமடங்கு வேகத்தில் ஓட்டும் கருவி அது. 60 நிமிடக் கேசட் அதில் 15 நிமிடத்தில் தீர்ந்துவிடும். குரலையும் கிதாரையும் இரண்டு டிராக்குகளில் ஒருசேரப் பதிந்துவிட்டு, மற்ற இரண்டில் ஹார்மோனிகா, இன்னொரு கிதார், இணைக்குரல் என்று பாடலுக்கு வேண்டியதை மட்டும் சேர்த்தார். பிறகு எல்லாவற்றையும் எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவியின் வழியாக ஒரு பானசோனிக் டேப் ரெக்கார்டரில் இறக்கினார். ஆளரவமற்ற வெளியில் ஒருவர் தனியாக நின்று பாடுவது போல நமக்குக் கேட்பது அந்த எதிரொலியால்தான்.

உறை கூட இல்லாமல் அவர் பாக்கெட்டில் திரிந்த அந்தக் கேசட்டை வைத்துக்கொண்டு, நியூயார்க்கில் அவருடைய இசைக்குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டுடன் அதே பாடல்களை மீண்டும் பதிந்து பார்த்தார்கள். சில பாடல்கள் அங்கே புத்துயிர் பெற்றன. 1984-இல் உலகெங்கும் ஒலித்த 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' அந்தக் கேசட்டில் இருந்த பாடல்தான். ஆனால் ஆல்பத்தின் தலைப்புப் பாடல், 1958-இல் பிடிபட்ட சார்ல்ஸ் ஸ்டார்க்வெதர் என்ற கொலையாளியின் வாய்மொழியாக, குரல் உயர்த்தாமல் சொல்லப்படுவது. அந்த நிதானம்தான் நம்மை நடுங்க வைக்கிறது. டிரம்ஸ் சேர்ந்தால் கேட்பவரின் கால் தாளம் போடத் தொடங்கிவிடும், நடுக்கம் போய்விடும் என்பது என் கருத்து. இறுதியில் கேசட்டில் இருந்த பதிவையே ஆல்பமாக வெளியிட முடிவு செய்தார்கள்.

கேள்வி: கேசட்டிலிருந்து இசைத்தட்டு தயாரிப்பது சுலபமாக இருந்ததா?

பதில்: இல்லை. பல இடங்களில் முயன்றும் தட்டில் ஒலி சரியாக ஏறவில்லை. கேசட்டாக மட்டும் வெளியிடலாமா என்று கூட யோசித்தார்கள். ஒலியளவை வெகுவாகக் குறைத்துத் தட்டில் ஏற்றிய பிறகே வழி பிறந்தது.

கேள்வி: அப்படியானால் வீட்டுப் பதிவுதான் உண்மையான பதிவு என்று சொல்லலாமா?

பதில்: அப்படிப் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. எந்தப் பாடலுக்கு எந்த இடம் என்பதைப் பாடகரின் காதுதான் தீர்மானிக்க வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1970 ஏப்ரலில் வெளியிட்ட முதல் தனி ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் வீட்டில் நான்கு டிராக் ஸ்டூடர் ஒலிப்பதிவு இயந்திரத்தை வைத்து, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவி இல்லாமல், மைக்கை நேரடியாக அதில் செருகி, ஏறக்குறைய எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்தார். முதல் பாடலின் முடிவில் கதவு கிறீச்சிடுவது கூட அப்படியே பதிவாகியிருக்கிறது. ஆனால் அதே ஆல்பத்தின் மிக வலுவான பாடலான 'மேபி ஐ'ம் அமேஸ்ட்'டுக்கு அவருக்கு வீடு போதவில்லை. அதைப் பதிய அபே ரோடு ஸ்டுடியோவுக்குத்தான் போனார்.