தானே கரையும் எலும்பு சிமெண்ட் என்றால் என்ன?

பாம்பனில் வள்ளத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிய தங்கள் தந்தைக்கு, தட்டும் திருகும் பொருத்தி, இடைவெளியில் "தானே கரையும் சிமெண்ட்" நிரப்புவதாக மருத்துவர் கூறியதன் பொருளைக் கேட்டிருந்தீர்கள்.

மூட்டு மாற்றத்தில் பயன்படும் அக்ரிலிக் சிமெண்ட் இறுகும்போது சூடேறும்; கரையாது. தந்தைக்கு வைப்பது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட் வகையாக இருக்கும். 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய இதன் பொடியை நீர்மம் விட்டுக் குழைத்தால், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் பதத்தில், ஊசிக்குழாய் வழியே இடுக்கெல்லாம் புகுந்து, எலும்பின் கனிமத்தை ஒத்த நுண்படிகங்களாக இறுகிவிடும். பின்னர் எலும்பை அரிக்கும் செல்கள் அதைச் சிறுகச் சிறுகக் கரைக்க, எலும்பைக் கட்டும் செல்கள் அந்த இடத்தை நிரப்பும்.

உண்மையான சிக்கல் வேகத்தில்தான் இருக்கிறது. சிமெண்ட் முந்திக் கரைந்தால் குழி விழும். பிந்தினால் புது எலும்புக்கு இடமிராது. கால்சியம் சல்பேட் என்ற வேறுவகைச் சிமெண்ட் சில வாரங்களில் கரைகிறது; கால்சியம் பாஸ்பேட் வகைகளில், எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது, புருஷைட் இடைப்பட்டது. எனவே ஆய்வாளர்கள் இவற்றைக் கலந்தும் நுண்துளைகள் இட்டும் பார்க்கிறார்கள்; எளிதில் நொறுங்கும் குறையைத் தணிக்க, மண்டபம் கரையில் நாம் ஒதுக்கிப்போடும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் சேர்க்கிறார்கள்.

இந்தச் சிமெண்ட் உடல் எடையைத் தாங்காது. மருத்துவர் அனுமதிக்கும்வரை, வலி இல்லையென்றாலும், தந்தையைக் காலூன்ற விடாதீர்கள்.