மழை பெய்தால் படம் உடைகிறது, டிஷ்ஷுக்கு மாறலாமா?

கேள்வி: பட்டுக்கோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வீட்டில் நான், பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், 78 வயதான மாமனார். கேபிளுக்கு மாதம் 300 ரூபாய் கொடுக்கிறோம், ரசீது கிடையாது. லேசாகத் தூறினாலே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. மாமனாருக்குப் பகலெல்லாம் செய்தியும் மாலையில் தொடர்களும்தான் துணை. மகன் டி.டி.எச். போட்டுவிடலாம் என்கிறான். எங்களுடையது ஓட்டு வீடு, சுற்றிலும் தென்னை மரங்கள். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் 'தூறினாலே' என்பது. மழைக்காகக் கேபிளை விட்டு டிஷ்ஷுக்கு மாற நினைக்கிறீர்கள்; ஆனால் இரண்டில் மழைக்கு அதிகம் அஞ்ச வேண்டியது டிஷ்தான். வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலைகள் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம் கொண்டவை. கனமழையின் துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுவதால், ஐப்பசி அடைமழையில் 'சிக்னல் இல்லை' என்ற அறிவிப்பு திரையில் வருவது எந்த நிறுவனத்தின் டிஷ்ஷாக இருந்தாலும் இயல்பே. கேபிள் நிறுவனங்களோ பெரும்பாலான சானல்களை ஆளுயரத்தை மிஞ்சிய பெரிய டிஷ்களில், இதைப்போல மூன்று மடங்கு நீளமான அலைகளில் வாங்குகின்றன. அவற்றை மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அங்கிருந்து உங்கள் தெருவரை வருவது வயர்.

அப்படியானால் தூறலுக்கே உங்கள் படம் ஏன் உடைகிறது? பெரும்பாலும் எங்கோ ஒரு இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. வந்த பையன் சன்னலுக்கு வெளியே தொங்கிய இணைப்பைக் கழற்றிக் காட்டினான். உள்ளே செம்புக் கம்பி பாசி பிடித்தாற்போல் பச்சையாக இருந்தது. கறுப்பு உறையைச் சீவியதும் உள்ளிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் அவன் விரலில் வழிந்தது. அந்த முழத்தை வெட்டி எறிந்துவிட்டு, புதிய இணைப்பைப் பொருத்தி, வயரை வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினான். வயர் வழியே வரும் மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். அதன்பிறகு இரண்டு மழைக்காலங்களாகத் தொல்லை இல்லை.

ஆகவே முதலில் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை தூறும்போது, அதே கேபிளை எடுத்திருக்கும் பக்கத்து வீட்டில் படம் எப்படி வருகிறது என்று பார்த்து வாருங்கள். அங்கே நன்றாக வந்தால், பழுது கம்பத்துக்கும் உங்கள் தொலைக்காட்சிக்கும் இடையில் இருக்கிறது. வயரை மாற்றினால் தீர்ந்துவிடும். அங்கேயும் உடைந்தால் பழுது தெருவில் இருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டியவர் கேபிள்காரர். பலமுறை சொல்லியும் அவர் அசையவில்லை என்றால்தான் மாறுவதற்கு நியாயம் பிறக்கிறது.

பணம் மிச்சமாகும் என்று உங்கள் மகன் சொல்லியிருக்கக்கூடும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கேபிளுக்கும் டி.டி.எச்.சுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த கட்டண முறை ஒன்றுதான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்த முறையில், அடிப்படை இணைப்புக்கு 130 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. 2024இல் அதை நீக்கிவிட்டார்கள். கட்டணச் சானல்களின் விலை அதற்கு மேல் தனி. தொகுப்பில் சேர்க்கப்படும் ஒரு சானலின் தனி விலை 19 ரூபாய்க்கு மிகாது. மொத்தத்தின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரும். நீங்கள் கொடுக்கும் 300 ரூபாயில் எது எதற்குப் போகிறது என்பது ரசீது இருந்தால்தானே தெரியும்? கேபிள்காரரிடம் ரசீதும் உங்கள் பெட்டியில் இருக்கும் சானல்களின் பட்டியலும் கேளுங்கள். தமிழ்ச் செய்திச் சானல்களில் பல இலவசமானவை. மாமனாரின் பகல் பொழுது ஏறக்குறையச் செலவில்லாமலேயே கழிகிறது. அவர் பார்க்கும் தொடர்களுக்கு இரண்டு மூன்று கட்டணச் சானல்கள் போதும். ஒருவரும் பார்க்காத விளையாட்டு, இந்தித் தொகுப்புகள் உங்கள் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் உங்களுக்குப் பொருந்தாது. கட்டணச் சானல்கள் பெரும்பாலும் அதில் வருவதில்லை.

டிஷ்ஷின் பக்கமும் நியாயம் உண்டு. கேபிள் சிக்னல் வீட்டுக்கு வரும் வழியில் அதை வலுப்படுத்தித் தரும், தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் வேண்டும். ஊரில் மின்சாரம் போய், உங்கள் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர் ஓடினால், பல இடங்களில் கேபிள் நின்றுவிடும், டிஷ் ஓடும். வயர்கள் மின்கம்பங்களில் தொங்குவதால் காற்றில் கம்பம் சாய்ந்தால் கேபிளும் போகும். (2018இல் கஜா புயலை உங்கள் பகுதி பார்த்திருக்கிறது, அப்போது மின்சாரமே இல்லாததால் இரண்டுமே உதவியிருக்காது என்பது வேறு.)

டிஷ் என்று முடிவு செய்தால் உங்கள் தென்னைகளைப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நம் நாட்டு டி.டி.எச். நிறுவனங்கள் பயன்படுத்துபவை உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெற்கிலிருந்து கிழக்கு வரையான வானத்தில், அதுவும் தலைக்கு மேலாகவே நிற்கும். அதனால் தோப்பில் தள்ளி நிற்கும் மரங்கள் தடையாவதில்லை. வீட்டை ஒட்டித் தென்கிழக்கில் நிற்கும் ஒற்றை மரம்தான் தடை. என் தங்கை வீட்டில் டிஷ் பொருத்திய கோடையில் படம் தெளிவாக வந்தது. இரண்டு ஆண்டுகளில் பக்கத்து இளந்தென்னை வளர்ந்து அதன் கீற்றுகள் குறுக்கே வந்ததும், காற்றடிக்கும்போதெல்லாம் படம் விட்டு விட்டு வந்தது. டிஷ் கெட்டுவிட்டது என்று மூன்று முறை ஆளை வரவழைத்துப் பணம் கொடுத்த பிறகுதான் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். உங்களுடையது ஓட்டு வீடு என்பதால் டிஷ்ஷை ஓட்டின்மேல் அமர்த்த விடாதீர்கள். சுவரிலோ தரையில் ஊன்றிய இரும்புக் குழாயிலோ அசையாமல் பொருத்தச் சொல்லுங்கள். விரற்கடை நகர்ந்தாலும் சிக்னல் போய்விடும்.

எல்லாவற்றையும் விட நான் எடைபோடுவது, பழுதானால் யார் வருவார் என்பதைத்தான். டி.டி.எச்.சில் புகார் எண்ணை அழைத்து, எண்களை அழுத்தி, காத்திருந்து, நகரத்திலிருந்து ஆள் வரும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பகலில் நீங்கள் வெளியே போயிருக்கும்போது உங்கள் மாமனாரால் அதைச் செய்ய முடியுமா? ரீசார்ஜ் தேதி தவறினாலும் படம் நின்றுவிடும். கேபிள்காரரிடம் 'அடுத்த வாரம் தருகிறேன்' என்று சொல்லிவிடலாம். ரிமோட்டில் எதையோ அழுத்திவிட்டுப் பெரியவர் திகைக்கும்போது, சைக்கிளில் வந்து ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போகவும் கேபிள்காரரால் முடியும். உங்கள் கேபிள்காரர் அத்தகையவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், இந்த மழைக்காலம் முடியும்வரை கேபிளிலேயே இருங்கள்; வயரை மாற்றச் சொல்லுங்கள், பட்டியலைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் தூறலில் படம் உடைந்தால் தை மாதத்தில் டிஷ்ஷுக்கு மாறலாம். மாறினால், வாடிக்கையாளர் எண்ணையும் புகார் எண்ணையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மாமனாரின் கண்ணில் படும்படி தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.