கல்லீரல் தழும்புக்கு மரபணு ஊசி: காத்திருக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 56, எடை 84 கிலோ. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. குடிப்பழக்கம் இல்லை. கொழுப்பு கல்லீரல் என்று, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்ததில் 11.8 கிலோபாஸ்கல், எஃப்3 நிலை, அதாவது முற்றிய தழும்பு என்று வந்துள்ளது. மரபணு சிகிச்சை தழும்பைக் கரைத்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அது வரும்வரை காத்திருக்கலாமா? வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகவும் தயார்.

பதில்: காத்திருக்க வேண்டாம். தழும்பைக் குறைக்க அங்கீகாரம் பெற்ற மரபணு சிகிச்சை எதுவும் இன்னும் வரவில்லை. பணம் கட்டினால் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

வீடியோவில் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. கல்லீரலில் ஸ்டெல்லேட் செல்கள் என்று உண்டு. சாதாரண நாட்களில் வைட்டமின் ஏ-வைச் சேமித்து வைப்பது அவற்றின் வேலை. கல்லீரல் ஓயாமல் அடிபட்டால் அதை விட்டுவிட்டு கொலாஜன் நாரைச் சுரக்க ஆரம்பித்துவிடும். அந்த நார் சேர்ந்து இறுகுவதுதான் தழும்பு. கொலாஜன் உருவாகத் துணைபோகும் எச்எஸ்பி47 என்ற புரதத்தின் மரபணுச் செய்தியை அடக்கும் மருந்தை, வைட்டமின் ஏ ஒட்டிய நுண் கொழுப்புத் துகளில் வைத்து அனுப்பிப் பார்த்தார்கள். அந்தச் செல் வைட்டமினை இழுக்கும்போது மருந்தும் கூடவே உள்ளே போகட்டும் என்று! அருமையான யோசனை. ஹெபடைடிஸ் சி குணமான பிறகும் தழும்பு மிஞ்சியவர்களுக்கு வாராவாரம் ஏற்றியதில் சிலருக்குத் தழும்பு குறைந்தது. ஆனால் மருந்தில்லாத வெறும் திரவம் ஏற்றிக்கொண்டவர்களிலும் சிலருக்குக் குறைந்திருந்தது; அதனால் மருந்தின் பலன்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்தும் முறை, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா பி நோய்க்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் கல்லீரலுக்குத்தான் போகிறது, ஆனால் போய்ச் சேர்வது ஹெபடோசைட் என்னும் வேலைக்காரச் செல்லுக்கு. நார் சுரக்கும் செல்லுக்கு அல்ல. அந்த மருந்தே கல்லீரல் என்சைம்களை ஏற்றிவிடக்கூடும் என்பதால், தழும்பு முற்றியவர்களை அந்த மருந்தின் ஆய்வில் சேர்க்கவே இல்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது எச்எஸ்டி17பி13 மரபணு. இது பிறவியிலேயே சரியாக வேலை செய்யாதவர்களுக்குக் கல்லீரல் நோய் அவ்வளவாக முற்றுவதில்லை என்று 2018இல் தெரியவந்தது. அதையே ஊசியால் அடக்கும் மருந்துகள் பரிசோதனையில் உள்ளன.

இனி அப்பா விஷயம். ஸ்கேனுக்கு முன் மூன்று மணி நேரமாவது வெறும் வயிற்றோடு இருந்தாரா? சாப்பிட்டுவிட்டு எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டும். வெறும் வயிற்றோடு இல்லையென்றால் மறுபடி எடுங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும்.

எஃப்3 பின்வாங்கக்கூடிய நிலைதான். கியூபாவில் ஓராண்டு நடந்து 2015இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்தது. அப்பாவுக்கு அது எட்டரை கிலோ. இரவு இட்லியில் இரண்டு குறைத்து, தினமும் முக்கால் மணி நேரம் நடந்தால் தொடங்கிவிடலாம். இந்த நிலைக்கென்றே 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைட் ஊசிக்கும் அமெரிக்கா அனுமதி தந்தது. செமாக்ளூடைட் சர்க்கரைக்கும் கேட்கும் மருந்து. அப்பாவுக்குப் பொருந்துமா என்று கல்லீரல் நிபுணரிடம் கேளுங்கள். 'கல்லீரலைச் சுத்தம் செய்யும்' பொடி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

போகும்போது பிளேட்லெட் எண்ணிக்கை உள்ள ரத்த ரிப்போர்ட்டையும் எடுத்துப்போங்கள். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தால், 11.8 என்ற எண்ணை மட்டும் வைத்து எஃப்3 என்று முடிவுகட்ட முடியாது. கல்லீரல் முழுக்கத் தழும்பேறிவிடும் சிரோசிஸ் என்ற அடுத்த நிலை தொடங்கிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும்.