ஜப்பானிய மொழி அரைகுறையாகத் தெரிந்தவர் டோக்கியோவில் ரகுகோ (ஒருவரே உட்கார்ந்தபடி நகைச்சுவைக் கதை சொல்லும் ஜப்பானியக் கலை) பார்க்கப் போகலாமா? எந்த அரங்கு நல்லது?

தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் தடவையே பெரிய மண்டபத்தில் ஒரே கலைஞர் இரண்டு மணி நேரம் கதை சொல்லும் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், பாதியில் தூங்கிவிடுவீர்கள். 'யோசே' எனப்படும் சிற்றரங்குக்குப் போங்கள். உவெனோ, அசாகுசா, இகெபுகுரோ, ஷின்ஜுகு என நாலு இடத்தில் இருக்கின்றன. என் ஓட்டு ஷின்ஜுகுவின் சுவெஹிரோதெய்க்கு. 1946-இல் எழுந்த மரக் கட்டடம். இரு ஓரத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காரும் பாய் விரித்த திண்ணை. முடிந்தால் அங்கே இடம் பிடியுங்கள்.

இங்கே ஒருவருக்குக் கால் மணி நேரம்தான். ஒரு கதை பிடிபடாவிட்டால் அடுத்த ஆள் வந்துவிடுவார். நடுநடுவே மந்திர வித்தை, குடையின் மேல் பந்து உருட்டுவது, பார்வையாளர் கேட்ட உருவத்தைக் காகிதத்தில் கத்தரிப்பது எல்லாம் உண்டு. அதற்கெல்லாம் மொழியே வேண்டாம்.

இன்று என்ன கதை என்று தேடாதீர்கள், நிகழ்ச்சி நிரலில் கலைஞர்களின் பெயர்கள் மட்டும்தான் இருக்கும். அன்று என்னென்ன சொல்லியாயிற்று என்று மேடைக்குப் பின்னால் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்கள். அடுத்தவர் அதைப் பார்த்து, கூட்டத்தையும் எடைபோட்டுத் தன் கதையைத் தேர்ந்தெடுப்பார். முன்னவர் திருடன் கதை சொல்லியிருந்தால் இவர் திருடனைத் தொடமாட்டார். எனக்கு யோசே பிடித்துப்போனதே இதனால்தான்.

போகுமுன் பிரபலமான இரண்டு மூன்று கதைகளின் சுருக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 'தோகி சோபா': பதினாறு காசு விலையுள்ள 'சோபா' நூடுல்ஸுக்கு ஒருவன் காசை எட்டு வரை எண்ணிக் கொடுத்து, "மணி என்ன?" என்கிறான். கடைக்காரர் "ஒன்பது" என்றதும் பத்திலிருந்து தொடர்ந்து ஒரு காசை அமுக்கிவிடுகிறான். பார்த்துக்கொண்டிருந்த அசடு மறுநாள் சீக்கிரமே போய் அதையே செய்ய, பதில் "நாலு" என்று வருகிறது. ஐந்து, ஆறு என்று எண்ணி நாலு காசு கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருகிறான். மூடிய விசிறியைச் சாப்பாட்டுக் குச்சியாக்கி நூடுல்ஸை உறிஞ்சும் சத்தத்துக்கே கைதட்டல் கிடைக்கும்.

பத்து நாளுக்கு ஒருமுறை நிரல் மாறும். சுவெஹிரோதெயில் பெரும்பாலும் ஒரே டிக்கெட்டில் மதியம் முதல் இரவு வரை உட்காரலாம். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகலாம், மது கூடாது. பீர் வேண்டுமென்றால் அசாகுசா.