அம்மாவின் பரணில் உங்களுக்கு என்ன வேலை?

கேள்வி: இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அம்மா, மனைவி, மகளோடு வசிக்கிறேன். சில மாதங்களாக, தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளும் மினிமலிச வாழ்க்கையைக் கடைப்பிடிக்கிறேன். பழைய சட்டைகளை எல்லாம் கொடுத்துவிட்டு ஏழே ஏழு லினன் சட்டைகள் வைத்திருக்கிறேன். பழைய காகிதங்களை ஸ்கேன் செய்துவிட்டுக் கிழித்து வருகிறேன். ஆனால் பரணில் கிடக்கும் பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களை மட்டும் அம்மா தொட விடுவதில்லை. மனைவியும் அம்மா பக்கம். அடுத்த வாரம் இருவரும் கல்யாணத்துக்குத் திருச்சி போகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் காயலான் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். நான் செய்வது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாம்பரம்

பதில்: தவறுதான். வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து அடுத்தவர் பொருளை எடுத்து விற்கிறவனைப் பற்றி ஸ்டேஷனில் என்ன எழுதுவார்களோ, அதைத்தான் நீங்களும் செய்யப் பார்க்கிறீர்கள். கடைக்காரருக்கு இன்றைக்கே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மிகைப்படுத்தவில்லை. கல்யாணத்தில் பெண்ணுக்கென்று வந்த நகையும் பாத்திரமும் ஸ்திரீதனம், அது முழுக்க அவள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கணவனுக்கே இல்லாத பாத்தியதை மகனுக்கு எங்கிருந்து வரும்? சந்தேகமிருந்தால் பரணில் ஏறி, ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து விளிம்பைத் தடவிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். அது உங்கள் பெயராக இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன்.

காயலான் கடையில் என்ன நடக்கும் என்பதையும் யோசித்தீர்களா? அங்கே தராசுக்குத்தான் மதிப்பு. அண்டாவை அடித்தவர் கூலி, வெண்கலப் பானையை வார்த்தவர் கூலி எதுவும் கணக்கில் வராது. இரும்புக் கைப்பிடிக்கு ஒரு கழிவு, அழுக்குக்கு ஒரு கழிவு போக, மீதிக்குத்தான் காசு. இரண்டு வருடம் கழித்து "பாரம்பரியப் பித்தளை உருளி" என்று ஆன்லைனில் படம் பார்த்து, அதேபோல ஒன்றைப் பல மடங்கு விலைக்கு வாங்கப் போவதும் நீங்களாகத்தான் இருக்கும். உங்கள் அம்மாவின் தலைமுறையில் அண்டா சும்மா சமையல் சாமான் இல்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவுக்கு அடகுக் கடை ஏறிவிட்டு, அறுவடைக்குப் பிறகு வீடு திரும்பிய அண்டாக்கள் எத்தனையோ வீடுகளில் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் போய் "இதை உபயோகித்து எத்தனை நாளாச்சு" என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும்.

இந்த ஆர்வம் எங்கிருந்து தொற்றியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொடுக்கும் ஜப்பானின் மாரி கோண்டோ, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, மனசுக்குச் சந்தோஷம் தருகிறதா என்று பார்த்து, தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடச் சொன்னார். 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்து உலகத்தையே அலமாரியைக் காலி செய்ய வைத்தவர், அதே வருடக் கடைசியில் ஆன்லைனில் கடை திறந்து, ஓர் இசைக்கவையும் (தட்டினால் ஒலிக்கும் டியூனிங் ஃபோர்க்) ஒரு படிகக் கல்லும் சேர்த்து 75 டாலர் என்று விற்றார். வீட்டில் இடம் காலியானதும் அதை நிரப்ப ஆள் தயார்! ஆனால் 2023-ல், மூன்று குழந்தைகள் ஆன பிறகு வீட்டை முன்போல ஒழுங்காக வைக்க முடியவில்லை, ஓரளவு விட்டுவிட்டேன் என்று அவரே சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அப்போதுதான். இன்னொன்று, வீட்டில் மற்றவர்கள் பொருளைத் தெரியாமல் தூக்கிப் போடாதீர்கள், முதலில் உங்களுடையதை முடியுங்கள் என்பதும் அவருடைய பாடம்தான். அந்த இடம் வந்தபோது நீங்கள் கண் அயர்ந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

உங்களுடையதற்கே வருவோம். பழைய சட்டைகளைக் கொடுத்தீர்கள், சரி. அந்த ஏழு லினன் சட்டைகளும் புதிதாக வாங்கியவைதானே? அலமாரி காலியானது, வாங்குவது குறையவில்லை. உங்கள் மேஜை இழுப்பறையில் எதற்கென்றே தெரியாத சார்ஜர்கள், உயிர்போன போன்கள், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இயர்போன்கள் எத்தனை? துண்டு காயப்போடும் டிரெட்மில் ஏதாவது உண்டா? (பல வீடுகளில் உண்டு, அதனால்தான் கேட்கிறேன்.) அம்மா சாமான் கண்ணை உறுத்துகிறது, நம் சாமான் "என்றைக்காவது தேவைப்படும்" என்கிற கணக்கில் போய்விடுகிறது. அந்தப் போன்களையும் ஒயர்களையும்கூடக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். தாமிரத்துக்காக ஒயரைக் கொளுத்துகிறவர்கள் கைக்குப் போய்ச் சேரும். மின்னணுக் கழிவை எடுக்கப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் இருக்கின்றன.

அம்மாவுக்கே ஜால்ரா போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஓட்டல் பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் கழுவி அடுக்குவது, ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் இன்னும் பத்துக் கட்டைப்பையைத் திணிப்பது, கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்களைப் பெட்டி பிரிக்காமலே பத்திரப்படுத்துவது இதெல்லாம் நம் வீடுகளில் ஒரு வியாதிதான். திருச்சியிலிருந்தும் இரண்டு தாம்பூலப் பையும் ஒரு பிளாஸ்டிக் கூடையும் வரும், பாருங்கள். அதை வாசலிலேயே மறுத்துப் பழகலாம். உள்ளே வந்துவிட்டால் பிறகு யாராலும் அசைக்க முடியாது. தூக்கி வெளியே போட்டாலும் அது எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. தாம்பரத்துக்காரருக்குப் பெருங்குடிக் குப்பைமேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பாத்திரத்துக்கு வழி இருக்கிறது. அவர்கள் ஊரிலிருந்து வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே பரணில் ஏறி எல்லாவற்றையும் கீழே இறக்கித் துடைத்து அடுக்குங்கள். அம்மாவை நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். "எதைத் தூக்கிப் போடலாம்" என்று ஆரம்பிக்காமல், "எதை யாருக்குக் கொடுக்கலாம்" என்று கேளுங்கள். விற்க மனசு வராத பெரியவர்கள் கொடுக்கத் தயங்கமாட்டார்கள். புதுக்குடித்தனம் போகும் சொந்தக்காரப் பெண்ணுக்கு இட்லிக் கொப்பரை, அன்னதானம் நடக்கிற கோயிலுக்குப் பெரிய அண்டா என்று அவரே பிரித்துக் கொடுப்பார். இரண்டு மூன்று மட்டும் திரும்பப் பரணுக்குப் போகும். போகட்டும். நீங்கள் ஏற்றி வையுங்கள்.

அப்புறம், காகிதங்களை ஸ்கேன் செய்துவிட்டுக் கிழிப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பழைய கரண்ட் பில்லையும் மளிகைச் சீட்டையும் எவ்வளவு வேண்டுமானாலும் கிழியுங்கள். வீட்டின் மூலப் பத்திரம் போனால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், பத்திரம் கிடைக்கவில்லை என்கிற சான்றிதழ் என்று அலைய வேண்டியிருக்கும். வீட்டுக் கடன் கேட்டுப் போனால், ஸ்கேன் பிரதி இருக்கிறது என்று வங்கியில் சொல்லிப் பயனில்லை. பள்ளிச் சான்றிதழ், பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் ஓய்வூதியக் காகிதங்கள் இருந்தால் அவை, எல்லாவற்றையும் அசலாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஏதாவது ஏற்கெனவே உங்கள் கைக்குப் பலியாகியிருந்தால், அவர்கள் ரயிலேறுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிடுங்கள்.